சித்தி ஹாஜரா தன் கையால் போட்ட ஊசி

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள சந்துகளில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் பேசி வெற்றிலை மாற்றிய கையோடு, மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைக்க ஆள் பார்ப்பதற்கும் முன்னால், சித்தி ஹாஜராவின் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். அவள் நாள் கொடுத்தால்தான் கல்யாண நாள்.

விருந்துச் சமையலுக்குத் தலைமை தாங்குபவரைப் பண்டாரி என்பார்கள். பண்டாரி என்றால் ஆண்பிள்ளைதான். தோளில் துண்டும் கையில் துடுப்பு மாதிரி அகப்பையுமாக அடுப்புக்கு முன்னால் நிற்பார். ஹாஜராவின் தகப்பனார் அப்படி நின்றவர். அவர் மவுத்தாகிக் கண்மூடிய பிறகு, ஒரு வீட்டில் வரவேண்டிய பண்டாரி காய்ச்சலில் படுத்துவிட்டார். நெய்ச்சோறு வைக்க ஆள் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஹாஜரா முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் இறக்கித் தாரேன், தள்ளுங்க" என்றாள். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அவள் பண்டாரி ஹாஜரா ஆனாள். முதுகுக்குப் பின்னால் கேலியாகச் சொல்ல ஆரம்பித்த பெயர், இரண்டு மூன்று கல்யாணம் கழிந்ததும் முகத்துக்கு நேரே மரியாதையாகவே வந்தது.

நல்ல உயரம், உருண்ட மணிக்கட்டு, சந்தின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கும் குரல். எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய மூக்கு. சட்டிக்குள் கரண்டி போடாமலே, எழும்பும் ஆவியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உப்புக் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். நாத்தனார் காமாரியா அவளுக்கு வலக்கை. வெங்காயம் அரிவதிலிருந்து விறகு தள்ளுவது வரை அவள்தான். கணவர் நூர் முகம்மது துறைமுகத்தில் சரக்குப் படகின் தண்டல். படகாட்களை அதட்டி வேலை வாங்குகிற தலைவர். கடலில் அவர் போடும் சத்தத்துக்கு வெள்ளைக்காரக் கப்பலில் இருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். வீட்டுக்கு வந்துவிட்டால் வாய் திறக்கமாட்டார். அங்கே தண்டல் வேறு ஆள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஹாஜராவுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடம் குடமாகக் குடித்தாள், அடங்கவில்லை. குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போயிற்று. நன்றாகத்தான் சாப்பிட்டாள். ஆனாலும் ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது, கைவளையல் முழங்கை வரை ஏறியது. கண்ணேறு பட்டுவிட்டது என்றார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள். குளியலறை மூலையில் எறும்பு மொய்த்ததைப் பார்த்த காமாரியா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். கடைசியில் ஒரு காதுகுத்து வீட்டில், கறி கிண்டிக்கொண்டிருந்தவள் அகப்பையோடு சரிந்தாள். ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் சொன்னதை மலாயில் எடுத்துச் சொன்னார்கள். இனிப்பு நீர், நீரிழிவு. நூர் முகம்மது சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தகப்பனாரின் தம்பியான சின்னத்தாவை அந்த வியாதிதான் கருவாடு மாதிரி உலர்த்திக் கொண்டுபோனது. "இப்ப அதுக்கு மருந்து வந்திருக்கு, பயப்படாதீங்க" என்றார்கள். மருந்து என்றால் விழுங்குகிற மருந்தில்லை. ஊசி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எத்தனை நாளைக்கு என்று கேட்டார். உயிர் இருக்கிற நாள் எல்லாம் என்றார்கள்.

பெண்கள் வார்டில் நேசம்மா என்று ஒரு மிஸ்ஸி இருந்தார். ஆஸ்பத்திரித் தாதியரை மிஸ்ஸி என்றுதான் ஊர் கூப்பிடும். நேசம்மா யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி, வேகமான நடை, எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு ஒரு "ஓம்." அந்த ஓமைக் கேட்டால் ஹாஜராவுக்குச் சிரிப்பு வரும். பக்கத்துக் கட்டில்காரிக்கு அதைச் செய்து காட்டுவாள். அந்த அளவுக்குத் தெம்பு திரும்பிக்கொண்டிருந்தது. ஊசி உள்ளே போகப் போக, வெயிலில் வாடிய கீரை தண்ணீர் கண்டது மாதிரி உடம்பு நிமிர்ந்தது.

ஒரு காலையில் மிஸ்ஸி ஊசியை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, வீட்ட போனா இதை ஆர் போடுறது?"

"எங்க வூட்டு ஆளு ரிக்‌ஷா பேசிட்டாங்க மிஸ்ஸி. காலையிலயும் சாயங்காலமும் இங்க கொண்டாந்து விடுவாங்க."

"மழை பெஞ்சா?"

"நனைஞ்சுக்கிட்டு வருவேன்."

"கலியாண வீட்டில சமைச்சுக்கொண்டு நிக்கேக்க?"

ஹாஜராவின் முகம் சுருங்கியது. "இனிமே எனக்கு ஏது கலியாண வீடு? சீக்காளிய யாரு கூப்புடுவா?"

மிஸ்ஸி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "இஞ்ச பாருங்கோ அக்கா. நான் போட்டால் இது ஆஸ்பத்திரி ஊசி. நீங்கள் போட்டால் இது உங்கட ஊசி. ஆஸ்பத்திரி ஊசியெண்டா நீங்கள் இந்த வாசலைச் சுத்திக்கொண்டே கிடக்கவேணும். உங்கட ஊசியெண்டா அது உங்களோட வரும், நீங்கள் போற இடமெல்லாம். எது வேணும்?"

"ஆத்தாடி! என் ஒடம்புல நானே குத்துறதா?"

"ஆட்டுத் தொடையை எத்தினை தரம் வெட்டியிருப்பியள்!"

"அது ஆடு, மிஸ்ஸி!"

வார்டே சிரித்தது. மிஸ்ஸியும் சிரித்தார். ஆனால் விடவில்லை. மறுநாள் ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். ஹாஜரா பழத்தைக் குத்தினாள். பழம் கூழாகும்வரை குத்தினாள். ஊசியைக் கொதிக்க வைக்கப் பழகினாள். மருந்தை இழுத்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றப் பழகினாள். எழுத்துத் தெரியாததால் மிஸ்ஸி கண்ணாடிக் குழலில் ஒரு கோட்டைக் காட்டி, "இந்தக் கோடு காலமை, அந்தக் கோடு பின்னேரம். இதைத் தாண்டக் கூடாது" என்றார். உப்பும் புளியும் கண்ணளவில் போடுகிறவளுக்கு ஒரு கோடு பெரிய காரியமா? ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் தன் தொடையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அது வேறு காரியமாக இருந்தது. குத்தப் போனாள், நிறுத்தினாள். மறுபடி போனாள், மறுபடி நிறுத்தினாள். மிஸ்ஸி வாங்கிப் போட்டுவிடுவார் என்று நிமிர்ந்து பார்த்தாள். மிஸ்ஸி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கடலைப் பார்க்கிற மாதிரி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜராவுக்குக் கோபம் வந்தது. "பிஸ்மில்லா" என்று சொல்லிக் குத்திக்கொண்டாள். எறும்புக் கடி அளவுக்குக்கூட இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"ஓம்" என்றார் மிஸ்ஸி.

அன்றைக்கு அந்த ஓமுக்கு ஹாஜரா சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டு, "பாத்தியா? நான்தான் போட்டேன்" என்று குத்திய இடத்தைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் வேறு போர் ஆரம்பித்தது. சிறுநீரில் இனிப்பு இருக்கிறதா என்று பார்க்க மிஸ்ஸி ஒரு நீல மருந்து கொடுத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் அப்படியே நின்றால் இனிப்பு இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் மிதமிஞ்சிய இனிப்பு. ஹாஜரா அடுப்பில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்ட காமாரியா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"மதினி! சோறு ஆக்குற அடுப்புல மூத்திரத்த காய்ச்சுறீங்களா? அண்ணே, வந்து பாருங்க இந்தக் கூத்த!"

நூர் முகம்மது வந்து பார்த்தார். வெளியே போனார். போனவர் ஒரு சின்னக் கரி அடுப்பை வாங்கிக்கொண்டு வந்து, பின்கட்டில் குளியலறைக்குப் பக்கத்தில் வைத்தார். "இது ஒனக்கு. அது சோத்துக்கு" என்றார். வழக்கு முடிந்தது.

காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு ஹாஜரா பேசுகிற பேச்சு பின்கட்டுச் சுவர் தாண்டிக் கேட்கும். "இன்னிக்குப் பச்சை. நேத்து யாரு அந்த ரெண்டாவது கோப்பைச் சோத்த திங்கச் சொன்னது? வாய்தானே, வாய்!" இப்படித் தன்னையே வைது, தன்னையே மெச்சிக்கொள்வாள். ஊசிமுனை மழுங்கினால் மீன் கத்தி தீட்டும் வழுவழுப்பான கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக் கூராக்குவாள். மருந்துப் புட்டியை ஈரமணல் போட்ட மண்பானையில் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டாள். சோற்றுக்கு ஒரு கோப்பை அளவு. பாயசத்தை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாள்.

இவ்வளவும் இருந்தும், கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வருவது நின்றுபோயிற்று. சீக்காளி கை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சின்ன விருந்துகளுக்குக் காமாரியாவைக் கூப்பிட்டார்கள். அவள் போகும்போது ஹாஜரா வாசல்வரை வந்து, "தால்ச்சாவுக்குப் புளிய கடைசியில விடு" என்று சொல்லி அனுப்புவாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். வீட்டில் ஒரு செம்பைத் தூக்கினால்கூட ஆள் ஓடிவந்து வாங்கினார்கள். அந்த அன்பு அவளுக்கு மூச்சு முட்டியது.

அந்தச் சமயத்தில்தான் நோன்பு மாதம் வந்தது.

ஹாஜரா புத்தி தெரிந்த நாளிலிருந்து நோன்பு விட்டவளில்லை. "ஒனக்கு வேணாம் ஹாஜரா" என்றார் நூர் முகம்மது. "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள் அவள். மிஸ்ஸியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். விடியுமுன் சாப்பிட்டாள். வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டாள். நோன்பு பிடித்தாள்.

மத்தியானத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் காமாரியா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஹாஜராவுக்கு வெங்காய வாடையே வரவில்லை. உதடு மரத்த மாதிரி இருந்தது. வியர்வை ஆறாக வடிந்தது. "காமாரியா, கப்பல் வந்துருச்சா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள். அடுத்த நிமிஷம் தரையில் கிடந்தாள்.

காமாரியா அலறினாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "சீனித் தண்ணி குடு" என்றாள். "ஐயோ, சீனியா? இனிப்பு நீர்க்காரிக்கு சீனி வெஷமாச்சே!" என்று காமாரியா தட்டிவிட்டாள். அவள் அறிந்தது அவ்வளவுதான். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மதினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கலிமா சொல்லிக்கொண்டே போனாள்.

மிஸ்ஸி நேசம்மா பார்த்த உடனே புரிந்துகொண்டார். டாக்டர் வந்து நரம்பில் சர்க்கரைக் கரைசலை ஏற்றினார். ஹாஜரா கண்ணைத் திறந்தாள். செத்தவள் எழுந்த மாதிரி இருந்தது. காமாரியா விக்கி விக்கி அழுதாள்.

ஏச்சு விழும் என்று ஹாஜரா காத்திருந்தாள். மிஸ்ஸி கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டாவது தடவையாக.

"அக்கா, இது உங்கட பிழை இல்லை. ஊசி போட்டிட்டுச் சாப்பிடாம இருந்தா என்ன நடக்குமெண்டு நான் வடிவாச் சொல்லித் தரேல்லை. நோன்பு வருமெண்டு எனக்கு ஞாபகம் வரேல்லை, நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி. இப்ப சொல்லுறன். இனிப்புக் கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. குறைஞ்சால் இன்னும் கெதியா ஆபத்து, நிமிசத்தில ஆளை விழுத்தும். விழுறதுக்கு முன்னம் என்ன செஞ்சுது? யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஹாஜரா யோசித்தாள். "வேர்த்துச்சு. ஒதடு மரத்துப் போச்சு. அதுக்கும் முந்தி..." நிறுத்தினாள். "வெங்காய வாடை தெரியல மிஸ்ஸி. எனக்கு வாடை தெரியாமப் போனதே இல்ல."

"அதுதான் உங்கட அடையாளம். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டு. ஒராளுக்குக் கை நடுங்கும், ஒராளுக்குக் கோவம் வரும். உங்களுக்கு மூக்குப் போகும். அது போன உடனே இனிப்பு ஏதாவது வாயில போடுங்கோ. ஒருத்தரையும் கேக்கவேண்டாம்." பிறகு காமாரியாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கோ. அந்த நேரம் சீனி விசமில்லை, அதுதான் மருந்து. விளங்குதே?"

காமாரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"நோன்பு?" என்று கேட்டாள் ஹாஜரா.

"அது எனக்குத் தெரியாது அக்கா. இந்த ஊசியோட பட்டினி கிடக்க ஏலாது, அது தெரியும். மிச்சத்தை உங்கட பெரியாக்களைக் கேளுங்கோ."

நூர் முகம்மது, பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிற சுலைமான் லெபையை வீட்டுக்கே அழைத்துவந்தார். ஹாஜரா திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள். லெபை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தீராத நோய்க்காரங்க மேல நோன்பு கடமை இல்லம்மா. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு வயிறாரச் சாப்பாடு குடுத்துடுங்க. அதுக்குப் பேரு பித்யா. அல்லா கேக்காதத குடுக்கப் போயி, அவன் குடுத்த உசுர விட்டுடாதீங்க."

திரைக்குப் பின்னால் அழுகிறாளோ என்று நூர் முகம்மது எட்டிப் பார்க்கப் போனார். அதற்குள் குரல் வந்தது, பழைய பண்டாரிக் குரல்.

"ஒரு ஆளுக்கா? ஒரு ஆளுக்குச் சமைச்சு எனக்குப் பழக்கம் இல்லையே லெபை!"

மறுநாள் சாயங்காலம் சந்தே கண்டது. பின்கட்டிலிருந்து பெரிய சட்டி வெளியே வந்தது. நூர் முகம்மது துறைமுகத்திலிருந்து படகாட்களையும் மூட்டை தூக்குகிறவர்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். நோன்பு திறக்க வழியில்லாமல் ஒரு வாழைப்பழத்தோடு படுத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். பள்ளிவாசலில் வாங்கு சொன்னதும் சந்தில் வரிசையாகப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஆட்டெலும்பு போட்ட கஞ்சி. மறுநாள் நெய்ச்சோறு. அதற்கு மறுநாள் சோறும் மீன் ஆணமும். ஹாஜரா தன் நேரத்துக்குத் தன் கோப்பைச் சோற்றைச் சாப்பிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஊர் நோன்பு இருக்கும்போது சாப்பிடுகிற தன் சாப்பாடும் ஒரு கடமைதான் என்கிற மாதிரிச் சாப்பிட்டாள். தூக்க வந்த கைகளைத் தள்ளிவிட்டுச் சட்டியைத் தானே இறக்கினாள். மாதம் முடியும்வரை ஒருநாள்கூட அடுப்பு அணையவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் வாய் சும்மா இருக்குமா? கரைக்கடைகளிலிருந்து பாசார்ச் சந்தை வரை பேச்சுப் போயிற்று. பண்டாரி ஹாஜராவின் கை இன்னும் அதே கைதான்.

பெருநாள் கழிந்த சில நாளில் அரிசி வியாபாரி சீனி முகம்மதுவின் மனைவி ரொஸ்னா வீட்டுக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம். வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே இழுத்தாள்.

"ராத்தா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்கு ஒடம்பு சுசா, முடியலன்னு சொன்னாங்க... பெரிய விருந்து லா... பாதியில ஏதும்..."

காமாரியா வாயைத் திறந்தாள். ஹாஜரா அவளைக் கையால் அடக்கினாள்.

"எனக்கு இனிப்பு நீர் இருக்கு, ரொஸ்னா. மறைக்க ஒண்ணுமில்ல, அது ஒட்டுற நோயும் இல்ல. காலையிலயும் சாயங்காலமும் ஊசி போட்டுக்குவேன், என் கையால. ஒங்க வூட்டுல ஒரு மறைவான எடமும் கொதிதண்ணியும் வேணும். என் நேரத்துக்கு ஒரு கோப்பைச் சோறு வேணும். அந்த நேரத்துல மாப்புள வந்தாலும் நான் எழுந்திரிக்க மாட்டேன். சம்மதம்னா தேதிய சொல்லுங்க."

ரொஸ்னா மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் அவளையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து தேதியைச் சொன்னாள்.

கல்யாணத்தன்று விடிகாலைத் தொழுகை முடிந்ததும் ரொஸ்னா வீட்டுப் பின்முற்றத்தில் அடுப்புகள் மூட்டப்பட்டன. ஹாஜரா ஊசியைப் போட்டுக்கொண்டாள். அடுப்படியில் நிற்கிற நாள் என்பதால், மிஸ்ஸி சொல்லியிருந்தபடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே சாப்பிட்டாள். பிறகு அகப்பையைக் கையில் எடுத்தாள். எத்தனையோ மாதம் கழித்து ஒரு கல்யாண அடுப்பின் முன்னால் அந்தக் கனம் கைக்கு வந்தபோது, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள் என்று காமாரியா பிற்பாடு சொல்லுவாள்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, ஆடு வந்து சேருவதைத் தவிர. கறிக்காரர் தாமதித்துவிட்டார். கறி வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் பறந்தார்கள். நெய்ச்சோற்றுக்கு மசாலா வதக்கி, குருமாவைக் கூட்டி, தால்ச்சாவை ஏற்றி, ஹாஜரா சுழன்று சுழன்று வேலை பார்த்ததில் அவள் சாப்பிட வேண்டிய வேளை தப்பிப்போயிற்று. வியர்த்தது. அடுப்புக்கு முன்னால் யாருக்குத்தான் வியர்க்காது? தால்ச்சாச் சட்டியின் மேல் குனிந்து ஆவியை இழுத்தாள்.

வாடை தெரியவில்லை.

மறுபடி இழுத்தாள். பருப்பும் மாங்காயும் எலும்பும் கொதிக்கிற சட்டி, வெறும் வெந்நீர்ச் சட்டி மாதிரி இருந்தது. ஹாஜரா அகப்பையைக் காமாரியாவின் கையில் கொடுத்தாள். "புடி" என்றாள். அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். பாயசத்துக்குக் குவித்து வைத்திருந்த குலா மலாக்கா வெல்லத்தில் ஒரு கட்டியை எடுத்துக் கடித்தாள்.

வந்திருந்த பெண்களில் ஒருத்தி பார்த்துவிட்டாள். "யா அல்லா! இனிப்பு நீர்க்காரி வெல்லம் திங்கிறாளே! புடுங்குங்க அதை!"

இரண்டு பேர் ஓடிவந்தார்கள். காமாரியா அகப்பையோடு குறுக்கே வந்து நின்றாள். "யாரும் தொடாதீங்க! இப்ப அதுதான் மருந்து. அவங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தள்ளி நில்லுங்க!"

ஓடிவந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஹாஜரா கண்ணை மூடி வெல்லத்தை மென்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள். ஒரு குவளைத் தண்ணீர் குடித்தாள். சுற்றி நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதட்டில் உணர்வு மெல்லத் திரும்பியது. பிறகு வெங்காயம் வந்தது. பிறகு நெய். பிறகு ஏலக்காய். அப்புறம், யாருக்கும் எட்டாத ஒரு சின்னக் கருகல் வாடை.

"காமாரியா! தால்ச்சா அடிபிடிக்குது! வெறக இழு, வெறக இழு!"

காமாரியா விறகை இழுத்துவிட்டுக் கிண்டிப் பார்த்தாள். அடியில் பிடிக்க ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். வேறு சட்டிக்கு மாற்றினார்கள். ஒரு பருப்புகூட வீணாகவில்லை. பிடுங்க வந்த பெண்களில் ஒருத்தி தானாகவே ஒரு கோப்பைச் சோற்றைக் கொண்டுவந்து ஹாஜராவின் முன்னால் வைத்தாள். சொன்ன சொல் தவறாமல், சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. சாக்கின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே எந்த அடுப்பில் எவ்வளவு தணல் என்று கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை ஒன்றும் நிற்கவில்லை.

விருந்து நடந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது தடவை நெய்ச்சோறு கேட்டு ஆள் வந்தது. "எந்தப் பண்டாரி?" என்று ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டாராம். "பண்டாரி இல்ல, பண்டாரிச்சி" என்று சீனி முகம்மது சொன்னாராம்.

விருந்துக்கு ஹாஜராவின் பேரில் மிஸ்ஸி நேசம்மாவையும் அழைத்திருந்தார்கள். அவர் வெள்ளைத் தொப்பி இல்லாமல், கரும்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். முற்றத்தில் நடந்தது சாப்பாடு முடிந்த பிறகுதான் அவர் காதுக்கு வந்தது. விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார். ஹாஜரா சட்டி கழுவ ஆள் ஏவிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"ஏன் அக்கா என்னைக் கூப்பிடேல்லை? நான் உள்ளுக்கதானே இருந்தனான்!"

"நல்லாருக்கே!" என்றாள் ஹாஜரா. "சாப்புட வந்த விருந்தாளிய யாராச்சும் அடுப்படி வேலைக்குக் கூப்புடுவாங்களா? ஒங்க வேலைய நீங்க முந்தியே முடிச்சிட்டீங்க மிஸ்ஸி. இது என் வேலை."

மிஸ்ஸி அந்தக் கையை விடாமலே நின்றார். பிறகு, "அந்தத் தால்ச்சா இன்னும் இருக்கே?" என்று கேட்டார். ஹாஜரா சிரித்துக்கொண்டே தானே அள்ளிப் போட்டாள்.

அடுத்த வருஷமே மிஸ்ஸியை அக்கரைக்கு, நிபோங் திபால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். படகுத்துறையில் ஹாஜரா அழுதாள். மிஸ்ஸியும் அழுதார். ஆனால் இனி ஊசிக்கு என்ன செய்வது என்று யாரும் பயப்படவில்லை. சந்தில் ஒவ்வொரு நாளும் பின்கட்டுக் கரி அடுப்பு புகைந்தது. கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. ஆண் பண்டாரிகள்கூட ஹாஜரா நாள் கொடுத்த வீடு என்றால் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

நூர் முகம்மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் வாயே திறக்காத மனுஷர் அவர். கரையில் கோப்பிக் கடையில் யாராவது இனிப்பு நீர் என்று பேச்செடுத்துவிட்டால் போதும், குவளையைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். "எங்க வூட்டுல," என்று ஆரம்பிப்பார், படகில் ஆளை அதட்டுகிற அதே குரலில், கடைக்கு வெளியே போகிறவனும் நின்று கேட்கும்படி. "எங்க வூட்டுல அவ தன் ஊசிய தானே போட்டுக்குவா. வாங்க, காட்டுறேன். கண்ணு கலங்காது, தெரியுமா?"